ஏரியில யார் சார் வீடு கட்டினது?

ஒவ்வொரு டிசம்பரிலும் மழையோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. ‘ஏரியில வீடு கட்டினா தண்ணி வராம என்ன செய்யும்?’

கேட்பவர் பெரும்பாலும் தி.நகரிலோ மயிலாப்பூரிலோ இரண்டாவது மாடியில் இருப்பவர். டி.வி.யில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் பள்ளிக்கரணையையும் காட்டுவார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தர் காஸ் சிலிண்டரை மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு பாட்டியைத் தூக்கிப் படகில் ஏற்றுவார்கள். இவர் காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பார். கேட்டதும் மனசுக்கு ஒரு நிம்மதி. தண்ணீரில் நிற்பவன் முட்டாள், இல்லாவிட்டால் பேராசைக்காரன். தீர்ப்பு சொல்லியாச்சு. சேனலை மாற்றலாம்.

தாம்பரம் பக்கத்தில் ரொம்ப வருஷமாகக் குடியிருக்கிற எனக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி. கல்யாண வீட்டில், ஆபீஸ் கேன்டீனில், மாம்பலத்து மாமா வீட்டில்... எங்கே போனாலும் விடுவதில்லை. சரி, ஒரு தடவை உட்கார்ந்து பதில் சொல்லிவிடுவோம்.

முதலில் தி.நகர்க்காரருக்கு. சார், நீங்கள் உட்கார்ந்து காபி குடிக்கிற இடமும் ஏரிதான். மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் வரை வளைந்து கிடந்த பெரிய ஏரி அது. வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்று எழுதினார்கள். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சி நடந்தபோது அதைத் தூர்த்து எழுப்பியதுதான் தியாகராய நகர். மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரியில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அந்தப் பக்கம் ‘லேக் ஏரியா’ இருக்கிறது, ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. ரோடு மட்டும் இருக்கிறது.

ஏரியில் வீடு கட்டும் வித்தையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. உங்களிடமிருந்து கற்றுக்கொண்டோம். உங்கள் தாத்தா கட்டினார் என்பதால் அது ‘நகரம்’. எங்கள் அப்பா கட்டினார் என்பதால் இது ‘ஆக்கிரமிப்பு’.

அடுத்து, நாங்கள் எப்படி வாங்கினோம் என்பதைக் கேளுங்கள். பாங்கில் கிளார்க், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியார், பாரிமுனையில் கணக்கு எழுதுபவர். இவர்களுக்கு மாம்பலத்தில் கிரவுண்டு வாங்கக் கட்டுப்படியாகுமா? மின்சார ரயில் 1931-லேயே தாம்பரம் வரை வந்துவிட்டது. ரயில் போகும் இடத்துக்குத்தானே மனுஷன் போவான்? ‘ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்’ என்று விளம்பரம் வரும். அந்தப் பத்து நிமிடம் ஹெலிகாப்டரிலா என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அழைத்துப் போய், வெஜிடபிள் பிரியாணி பொட்டலம் கொடுத்து, வெள்ளைக் கல் நட்ட மனையைக் காட்டினார்கள். கோடையில் போனால் ஏரியும் மைதானம்தான். கட்டாந்தரை, கிரிக்கெட் ஆடலாம்.

ஆனால் இதெல்லாம் திருட்டுத்தனமாக நடந்ததா? பத்திரப் பதிவு ஆபீசில் ரிஜிஸ்தர் ஆனது. முத்திரைத்தாள் கட்டணம் வாங்கினார்கள். வில்லங்கச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் எல்லா வில்லங்கமும் இருந்தது, தண்ணீர் வருகிற வில்லங்கம் மட்டும் இல்லை. வீட்டு வரி போட்டார்கள். கரண்ட் கனெக்‌ஷன் வந்தது. ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் வந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதுவரை பதிவு ஆபீஸ் கூசாமல் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. மறு வருஷமே, ‘பணம் கட்டுங்க, வரன்முறை செஞ்சு தர்றோம்’ என்று அரசாங்கமே திட்டம் கொண்டுவந்தது. இத்தனை முத்திரைக்கும் கையெழுத்துக்கும் அப்புறம் குற்றவாளி யாரென்றால், பி.எஃப். பணத்தைப் போட்டு வீடு கட்டிய வாத்தியார்!

அரசாங்கம் சும்மாவும் இருக்கவில்லை. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட ஒரு பகுதிக்குப் பெயரே ‘ஏரி ஸ்கீம்’. ஒளிவுமறைவே கிடையாது, தபால் விலாசத்திலேயே எழுதலாம். தனியார் ஏரியை விற்றால் பெயராவது ‘ஸ்ரீ லட்சுமி கார்டன்’ என்று மாற்றுவார்கள்.

இன்னொரு விஷயம். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர் முழுகியது. டி.வி.யில் எல்லாவற்றுக்கும் செம்பரம்பாக்கத்தையே சொன்னார்கள். அங்கே விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டது நிஜம். அது கீழே கோட்டூர்புரத்தையும் ஜாபர்கான்பேட்டையையும் படுத்திய பாடும் நிஜம். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே பாய்ந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அடையாறு என்பது ஒரு ஏரியா என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, அது எங்கள் பக்கத்து ஏரிகளின் கலங்கலில் பிறக்கிற ஆறு என்பதே செய்தி. ஏரிகள் சங்கிலி மாதிரி. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஒரு கால்வாயை அடைத்து ரோடு போட்டால், தண்ணீர் விலாசம் தேடி வீட்டுக்குள் வரும்.

இன்னும் ஒன்றையும் அந்த வருஷமே கவனித்தேன். கோட்டூர்புரத்துக்குத் தண்ணீர் வந்தபோது, ‘ஆத்துல வீடு கட்டினா வராம என்ன செய்யும்?’ என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ‘ஏரியைத் திறந்தது யார்? ஏன் முன்னாடியே சொல்லலை?’ என்றுதான் கேட்டார்கள். சரியான கேள்வி. எங்களுக்காகவும் அதே கேள்வியைக் கேட்டால் என்ன?

நாங்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்ப் பெயர்களே தண்ணீரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தாங்கல் என்றாலே சின்ன ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று தினம் டிக்கெட் எடுத்துவிட்டு, ‘இங்கே தண்ணி நிக்கும்னு தெரியாது’ என்பது அதிகப்படிதான். திருநீர்மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்து, வடிந்த பிறகு பெருமாளைச் சேவித்தார் என்பது தல புராணம். ஆழ்வார் பொறுமைசாலி. நாங்கள் ஆறு மணி நேரம் பொறுக்க மாட்டோம். பக்கத்து வீட்டுக்காரன் எக்கேடு கெட்டால் என்ன என்று பேஸ்மென்ட்டை மூன்றடி தூக்குவோம். அவன் அடுத்த வருஷம் நாலடி தூக்குவான். ரோடு போடுகிற கான்ட்ராக்டர் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போவார். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். தொண்ணூறுகளில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று மூன்று படி இறங்கிப் போகிறோம். எங்கள் தெருவில் வீட்டுக்குள் ஸ்கூட்டரை விட இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் சாமி கும்பிட.

இதை நான் திட்டுவேன். என் தெரு, திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நகரத்துக்காரர் திட்டும்போது அவர் கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தனை வருஷமாக நகரம் எங்களிடமிருந்து என்னென்ன எடுத்துக்கொண்டது? பல்லாவரம், திரிசூலம் மலைகளை உடைத்துக் கருங்கல் எடுத்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து குடிதண்ணீர் எடுத்தது. இறைத்த இறைப்பில் மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் உள்ளே வந்துவிட்டது. 2019 கோடையில் சென்னை தவித்தபோது, கல் உடைத்து முடித்த சிக்கராயபுரத்துக் குட்டைகளில் நின்ற தண்ணீரைக்கூட விடவில்லை. கல்லையும் எடுத்துக்கொண்டு, கல் இருந்த பள்ளத்தில் தேங்கியதையும் எடுத்துக்கொண்டார்கள். உயிர் போகிற தாகம், தப்பில்லை. ஆனால் அதே கோடையில் புறநகரில் குடம் வைத்துக்கொண்டு நின்றவர்கள் பார்த்தது, தங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் லாரி லாரியாக நகரத்துக்குப் போனதைத்தான்.

திருப்பிக் கொடுத்தது என்ன? குப்பை. 1980-களிலிருந்து பெருங்குடிக்கு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டினார்கள். பெருங்குடி அப்போது பேரூராட்சி. 2011-ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கி.மீ.யாக இருந்த மாநகராட்சியை 426 ஆக்கியபோதுதான் அது சென்னைக்குள் வந்தது. ஊரைச் சேர்த்துக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் யோசித்தவர்கள், குப்பையை அனுப்ப யோசிக்கவில்லை. அதே சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. உலகமே போற்றுகிற சதுப்பு நிலம், ஓரத்தில் குப்பை மலை. இப்போது அந்த மலையைத் தோண்டிப் பிரித்துக் கரைக்கிறார்கள். நல்லது.

குப்பையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மனுஷர்களையும் அனுப்பினார்கள். கூவம் கரையில், அடையாற்றுக் கரையில் குடிசை போட்டு, நகரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து, நகரத்துத் தெருக்களில் ரிக்‌ஷா ஓட்டியவர்கள். 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதற்கப்புறம் பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில். ‘ஆத்தங்கரையில இருந்தா வெள்ளம் வரும், உங்க நன்மைக்குத்தான்’ என்று சொல்லி அனுப்பிய இடம் எது? சதுப்பு நிலத்தின் ஓரம்! 2015-லும் தண்ணீர், 2023 டிசம்பர் புயலிலும் தண்ணீர். இங்கே ஏரி ஓரத்தில் வீடு கட்டியது யார் சார்? குடிசை மாற்று வாரியம். குடியேறியவர்களிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா?

2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். திறந்தபோது பக்கத்தில் ரயில் ஸ்டேஷன் கிடையாது. ராத்திரி பெட்டியும் குழந்தையுமாக வந்து இறங்கியவர்கள் பட்ட அவஸ்தை உண்மை. ஆனால் டி.வி. மைக்கில் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம், ‘ஊருக்கு வெளியே கொண்டுபோய் வெச்சுட்டாங்க சார்.’ எந்த ஊருக்கு வெளியே? ஊரப்பாக்கத்துக்காரருக்கு அது ஊர் நடுவே. நேற்றுவரை அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயம்பேடு போனார். அவரை யாரும் மைக் நீட்டிக் கேட்கவில்லை.

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சி சேர்ந்து எழுபது வார்டு. போர்டை மாற்றினார்கள். செப்டிக் டேங்க் லாரி மட்டும் மாறாமல் எத்தனையோ தெருக்களில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பாதாளச் சாக்கடை வரும் என்று சொல்லிப் பள்ளம் வருகிறது. சிட்லபாக்கத்தில் ஏரி செத்துக்கொண்டிருந்தபோது, 2019-ல் ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். அதற்கப்புறம்தான் அரசாங்கப் பணம் வந்தது, கரை வந்தது. இன்று அங்கே காலையில் வாக்கிங் போகிறார்கள். ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று நீங்கள் சொன்ன அதே புறநகர்க்காரர்கள்தான் அந்த மண்ணை அள்ளியது.

இதெல்லாம் பழைய கதை, விடுங்கள். அடுத்த கதை ஆரம்பித்துவிட்டது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரித்து ஆணை வந்தது. ‘புறநகர்’ என்பது இப்போது காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் வரை போய்விட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று அறிவித்தார்கள். அந்த நிலத்தில் நஞ்சை வயல் இருக்கிறது, ஏரிகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை தண்ணீர் கொண்டுபோகிற கம்பன் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. ஏகனாபுரத்துக்காரர்கள் கிராம சபை கூடி, வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். மறுபடி கூடினார்கள், மறுபடி போட்டார்கள். வயல் வேலை முடிந்து சாயந்திரமானால் வந்து உட்கார்ந்து போராடினார்கள்.

அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ‘ஏரியில ஏன் சார் கட்டுறீங்க?’

நம் மாம்பலத்து மாமாவிடம் போன வாரம் இதைச் சொன்னேன். ‘இவங்க எல்லாத்துக்கும் தடை போடுவாங்கப்பா, நாடு எப்படி முன்னேறும்?’ என்றார்.