‘கிளாஸ் ஏ’ என்றால் முதல் தரமா?

பழைய வால்வு கிதார் ஆம்ப் விற்பவர்கள் ‘கிளாஸ் ஏ’ என்று விளம்பரம் செய்தால் விலையும் ஏறிவிடுகிறது. பலர் அதைத் தரச் சான்றிதழ் என்றே நினைக்கிறார்கள். வானொலியில் இருப்பதால் என்னிடமும் விசாரிக்கிறார்கள். உண்மையில் அது வால்வு வேலை செய்யும் முறையின் பெயர், அவ்வளவுதான்.

‘ஏ’ முறையில் வால்வுக்கு ஓய்வே இல்லை. ஒலியலை முழுவதும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். ஒரே பவர் வால்வு கொண்ட ஃபெண்டர் சேம்ப் இந்த ரகம். கிடைப்பது சுமார் 5 வாட். ‘ஏபி’ முறையில் இரு பக்க வால்வுகள் வேலையைப் பகிர்ந்துகொண்டு, மாறி மாறிச் சற்று ஓய்வெடுக்கும். சூடு குறைவு, சக்தி அதிகம்.

புகழ்பெற்ற வாக்ஸ் ஏசி30ஐயும் ‘கிளாஸ் ஏ’ என்பார்கள். கணக்குப் போடுவோம். அதில் நான்கு இஎல்84 வால்வுகள். ஒவ்வொன்றும் தாங்கும் வெப்பம் 12 வாட், மொத்தம் 48. ‘ஏ’ முறையில் அதில் பாதிக்கு மேல் ஒலிக்குப் போகாது. அதாவது 24. பிறகு 30 வாட் எப்படி வரும்? முழுச் சத்தத்தில் அது ‘ஏபி’தான். அதனால் அதன் இனிமை குறைந்தா போயிற்று?

வாங்கும்போது ‘பயாஸ்’ பற்றிக் கேளுங்கள். வாசிக்காதபோது வால்வில் எவ்வளவு மின்சாரம் ஓடலாம் என்று வைக்கும் அளவு அது. சில ஆம்ப்களில் தானே சரியாகும். மற்றவற்றில் பவர் வால்வு மாற்றினால் சரிபார்த்தாக வேண்டும். கூடினால் வால்வு சிவந்து கெடும். குறைந்தால் ஒலி கரகரக்கும்.

அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் தங்கியிருக்கலாம்.