பத்து இடம் காலியாக இருக்கிறதே, சார்?



மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான்கள் வரை இருக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்த நிமிடமே பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1 என்று எழுதிப் போடுகிறோம். "மூன்றாவதில் இன்னும் 10 இடம் காலியாக இருக்கிறதே, சார்?" என்று கேட்கும் பிள்ளையை, "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று அடக்குவதா பாடம் நடத்துவது?

பதில் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பொட்டாசியத்தில் 3டி-யை விட 4எஸ்-க்கு ஆற்றல் குறைவு. குறைந்த ஆற்றல் உள்ள இடத்தில்தான் எலக்ட்ரான் முதலில் அமரும். அதனால் 19-ஆவது எலக்ட்ரான் நான்காம் கூட்டுக்குப் போகிறது. தண்ணீரில் போட்டால் பொட்டாசியம் தீப்பிடிப்பதும், எளிதில் விட்டுப்போகும் அந்த ஒற்றை எலக்ட்ரானால்தான்.

இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதா? ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, மனப்பாடம் செய்தவனுக்கு மதிப்பெண் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டவனை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.