புள்ளியை நம்பி ஊருக்குப் போகலாமா?

சென்ற மாதம் பள்ளி விட்ட நேரத்தில் ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். அவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மகனுக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை. கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"சார், மவன் கார்டுல நாப்பதாயிரம் புள்ளி சேர்ந்திருக்காம். லீவுக்கு நாலு பேரும் மெட்ராஸ் போயிட்டு வந்துடலாங்குறான். காசே வேணாமாம். நெசந்தானா?"

"பாதி நெசம்மா" என்றேன். மீதிப் பாதியை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

வங்கி அட்டையில் சேர்வது வங்கியின் புள்ளி. மலேசியா ஏர்லைன்சின் 'என்ரிச்' போன்ற விமானப் புள்ளியாக அதை மாற்றும்போது பல அட்டைகளில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மாற்றிய பிறகு திரும்பப் பெறுவதும் கடினம். ஆகவே எந்தத் தேதியில், எத்தனை இருக்கை கிடைக்கிறது என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். பள்ளி விடுமுறையில் நாலு இருக்கை ஒன்றாகக் கிடைப்பது அரிது. புள்ளியில் சீட்டு எடுத்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் கையிலிருந்துதான் போகும்.

இனி என் கரும்பலகைக் கணக்கு. ஒரு சீட்டின் விலை 900 வெள்ளி என்று வையுங்கள். புள்ளியில் எடுத்தால் 30,000 புள்ளியும் 250 வெள்ளி வரியும் கேட்கிறார்கள். மிச்சம் 650 வெள்ளி. அப்படியானால் ஒரு புள்ளிக்கு இரண்டு காசுக்குச் சற்று மேல். அதே 30,000 புள்ளிக்கு 180 வெள்ளி பெறுமான மின்சாரக் கெண்டி கொடுத்தால் ஒரு புள்ளி அரைக் காசுக்குச் சற்று மேல்தான். கெண்டியைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை மலிவான நாளில் சீட்டுக்குப் பணத்தைக் கொடுங்கள்; தீபாவளி நெருக்கத்தில் விலை ஏறும்போது புள்ளியைக் கொடுங்கள்.

தாசேக் கெலுகோரில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2024 டிசம்பரில் இன்டிகோ, பினாங்கு–சென்னை நேரடிச் சேவையைத் தொடங்கியது. உங்கள் புள்ளி கோலாலம்பூரிலிருந்து புறப்படும் விமானத்துக்குத்தான் என்றால், பட்டர்வொர்த்திலிருந்து அங்கே நாலு பேர் போய்வரும் ரயில் கட்டணம், விமான நிலையத்துக்கு வண்டி, வழியில் பசியாற என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பாயான் லெப்பாசிலிருந்து காசு கொடுத்தே பறப்பது சில சமயம் மலிவு.

என் கதையையும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். என் அம்மா கல்யாணத்துக்கு முன் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் நாகப்பட்டினம் போனவர். 1985-இல் தீப்பிடித்ததே, அதே கப்பல்தான். அவரை இன்னொரு முறை ஊருக்கு அனுப்ப ஆண்டுக்கணக்கில் புள்ளி சேர்த்தேன். "இன்னும் கொஞ்சம் சேரட்டும்" என்று தள்ளிப்போட்டேன். திறந்து பார்த்த நாளில் பெரும்பகுதி காலாவதி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை; பெட்டியில் எடுத்து வைத்திருந்த சேலையை மட்டும் திரும்ப மடித்து வைத்தார்.

கடைசியாக அந்தத் தாயாரிடம், "அட்டையில் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டேன். மூவாயிரம் வெள்ளியாம். புள்ளி சேரட்டும் என்றே மகன் எல்லாவற்றையும் அட்டையில் வாங்கி, மாதாமாதம் குறைந்த தொகை மட்டும் கட்டி வந்திருக்கிறான். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 45 வெள்ளி. அந்த மூவாயிரத்துக்குச் சேர்ந்த புள்ளி, ரெண்டு மாத வட்டிக்குக்கூடக் காணாது.

அம்மா கைப்பேசியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். "மொதல்ல பாக்கிய அடைக்கச் சொல்றேன் சார். மெட்ராஸ் எங்க ஓடிப் போவுது!"