சாமையில் இல்லை, மிஷினில் இருக்கு

ஆம்பூர்னா சீரகச் சம்பா பிரியாணிதான். ஆனா ராத்திரியில் கடைக்குக் கடை பரோட்டா. மைதாவில் உள்ள குளுட்டன் என்ற புரதம் சிலருக்குச் சிறுகுடலையே கெடுத்துவிடும். அது சீலியாக் நோய். சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்க. கோதுமையை முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் தெரியாமல் போகலாம்.

அவர்களுக்கு ஜவ்வாது மலைச் சாமையும் நம்ம கேழ்வரகும் ஏற்ற சாப்பாடு. (கூட்டுப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு இருக்கும், பார்த்து வாங்கணும்.) ஆனா கோதுமை அரைத்த மிஷினிலேயே சாமையையும் அரைத்து, 'குளுட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் ஒட்டுகிறோமே, அது நியாயமா? கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் சட்டம் வைத்த வரம்பு. ஒரு பிடி கோதுமை மாவு ஒரு மூட்டையையே கெடுத்துவிடும். சிறுதானியத்துக்கென்று தனி மிஷின் போடும்வரை அந்த வாசகத்தை ஒட்டாதீங்க. முழுத் தானியமாகவே விற்போம், கோதுமை கலக்காமல் புடைத்து.