குஞ்சு விடும் முன் உப்பைப் பாருங்கள்

கடலோர ஊர்களிலும் காவிரிக் கடைமடையிலும் பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்ப்போரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "விட்ட நாலாம் நாளே குஞ்செல்லாம் மிதந்துவிட்டது. குஞ்சு சரியில்லை." பழி மீன்குஞ்சுப் பண்ணை மீதோ ஏற்றி வந்த வண்டி மீதோ விழுகிறது. குட்டைத் தண்ணீரின் உப்பை அளக்கும் எண்ணம் கடைசியில்தான் வருகிறது.

நன்னீர் மீனின் இரத்தம், லிட்டருக்கு 9 முதல் 10 கிராம் உப்பு கரைந்த நீருக்குச் சமம். குட்டை நீரில் உப்பு குறைவு என்பதால் உடலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றி, தேவையான உப்பைச் செவுள் வழியே இழுத்துக்கொள்கிறது. வெளிநீரின் உப்பு கூடிவிட்டால் எல்லாம் தலைகீழாகும்; தண்ணீருக்குள் இருந்தபடியே மீன் வறண்டு சாகும். உடல் முதிராத குஞ்சுக்கு இதைத் தாங்கும் திறன் குறைவு.

கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளுக்கு லிட்டருக்கு 2 கிராமுக்குள் உப்பு இருப்பது நல்லது. 5 கிராமைத் தாண்டினால் தீனி எடுப்பதும் வளர்ச்சியும் தளரும். அதற்கு மேல் போகப் போக இழப்பு கூடும்.

கோடையில் வற்றுவது தண்ணீர் மட்டுமே; உப்பு குட்டையிலேயே தங்கும். மாசியில் 2 கிராம் இருந்த குட்டை வைகாசியில் பாதியாக வற்றினால் அது 4 கிராம். அதன் மேல் உவர் போர் தண்ணீரை நிரப்பினால் இன்னும் ஏறும்.

நோய்க்கு மீனை உப்புக் கரைசலில் முக்கி எடுக்கிறோமே என்று கேட்கலாம். அது சில நிமிட வைத்தியம். நாள் முழுக்க உப்பில் கிடப்பது வேறு.

மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் சோதிக்கலாம். அறிக்கையில் மின்கடத்துதிறன் 3 டெசிசைமன்ஸ் என்றிருந்தால், லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு என்று கொள்ளுங்கள். குஞ்சு வாங்கும் முன், குட்டையில் சிறு வலைத்தொட்டில் கட்டி இருபது முப்பது குஞ்சுகளை ஒரு நாள் விட்டுப் பாருங்கள். குஞ்சு வந்ததும் பையை அப்படியே கவிழ்க்காமல், குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்துப் பழக்கி விடுங்கள். உப்பு குறையாத குட்டைக்குக் கெண்டையை வற்புறுத்த வேண்டாம். பால்கெண்டை, மடவை போன்ற உவர்நீர் மீன்கள் பற்றி மீன்வளத் துறையிடம் கேளுங்கள்.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். குட்டை வெட்டப் பரிந்துரைக்கும்போது நீளம், அகலம், ஆழம் எழுதுகிறோம். அந்தத் தாளில் தண்ணீரின் உப்பளவுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். சோதனைக்கு ஆகும் செலவு, செத்து மிதக்கும் ஒரு குட்டைக் குஞ்சின் விலைக்கு முன் மிகச் சிறிது.