முன்பணம் கட்டினது நாம, வரிசையில் கடைசியா நிற்பதும் நாமளா?



கடன் வியாபாரம்னா என்னன்னு சிவகாசிக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வடக்கே லோடு போகும், தீபாவளி முடிஞ்சாதான் பேமெண்ட் வரும். அதுவரை அனுப்பினவருக்குத் தூக்கம் கிடையாது.

அதே கடனை நாமளும் தினம் கொடுக்கிறோம், தெரியாமலே. ஆன்லைனில் ஆர்டர் போட்டு முன்கூட்டியே காசு கட்டுறோம் இல்லையா? பொருள் கைக்கு வர்ற வரைக்கும் அது அந்தக் கம்பெனிக்கு நாம கொடுத்த கடன்தான். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை.

எங்க தெருவில் ஒரு அக்கா, பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை. வாரக்கூலியில் மிச்சம் பிடிச்சு ஆன்லைனில் ஒரு கிரைண்டர் ஆர்டர் போட்டாங்க. பொருளும் வரலை, ரீஃபண்டும் வரலை. "தம்பி, நீ இன்ஜினியருக்குப் படிச்ச புள்ளதானே, என்னன்னு பாரு"ன்னு போனை என் கையில் கொடுத்தாங்க. தேடிப் பார்த்தா அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போயிருக்கு. அறிவிப்பு வெளிமாநிலப் பேப்பரில் ஹிந்தியில் வந்திருக்கு. சிவகாசியில் இருக்கிற அக்கா அதை எங்கே பார்க்கிறது?

இது அக்காவோட கவனக்குறைவு இல்லை. விதியே அப்படித்தான். 2016 திவால் சட்டப்படி, கம்பெனியோட பதிவு அலுவலகமும் முக்கிய அலுவலகமும் இருக்கிற ஊரில் ஒரு ஆங்கிலப் பேப்பர், ஒரு வட்டார மொழிப் பேப்பரில் விளம்பரம் வந்தா போதும். இணையதளத்திலும் போடுவாங்க. ஆனா தினம் மூணு வேளை ஆஃபர் மெசேஜ் அனுப்பின கம்பெனிகிட்ட நம்ம நம்பர் இருக்கே! "திவாலாயிட்டோம், உங்க பாக்கியைக் கேளுங்க"ன்னு ஒரே ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்ப முடியாதா?

அடுத்து வரிசை. கம்பெனியைக் கலைச்சு வித்தா, முதலில் நடவடிக்கைச் செலவு. அப்புறம் தொழிலாளர்களோட 24 மாத பாக்கியும், அடமானம் பிடிச்ச வங்கியும். பிறகு மற்ற ஊழியர்கள், அடமானமில்லாமல் கடன் கொடுத்தவங்க, அரசு பாக்கி. அதுக்கெல்லாம் பிறகுதான் நாம. தொழிலாளிக்கு முன்னுரிமை கொடுக்கிறது நியாயம், அதில் நமக்கு மறுப்பே இல்லை. ஆனா பொருளே வாங்காம காசு மட்டும் கட்டினவங்க வங்கிக்கும் அரசுக்கும் பின்னாடி நிற்கணுமா?

பெரிய கைக்கு எப்படி நடக்குதுன்னு பைஜூஸ் கதையைப் பாருங்க. கிரிக்கெட் வாரியத்துக்கு 158 கோடிக்கு மேல் பாக்கி. வாரியம் வழக்குப் போட்டு, 2024 ஜூலை 16-ல் திவால் நடவடிக்கை தொடங்கியது. வாரியத்தோட சமரசம் பேசினதும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நடவடிக்கையையே முடிச்சு வச்சது. அமெரிக்கக் கடன்காரங்க விடலை. உச்ச நீதிமன்றம் போய் 2024 அக்டோபர் 23-ல் அந்த உத்தரவை ரத்து செய்ய வச்சாங்க. ரெண்டு பக்கமும் பெரிய வக்கீல்கள். பிள்ளைக்குக் கோர்ஸ் வாங்கிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருந்த பெற்றோருக்கு அங்கே குரலே இல்லை.

வழியே இல்லையான்னா, இருக்கு. இதைக் குறிச்சு வச்சுக்கோங்க:

👉 ரீஃபண்ட் இழுத்தடிக்குதா? "வரும், வரும்"னு காத்திருக்காதீங்க. உடனே 1915 நுகர்வோர் உதவி எண். நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கு. கம்பெனி எந்த ஊரா இருந்தாலும் நீங்க இருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனா திவால் நடவடிக்கை தொடங்கிட்டா அந்த வழக்கு அப்படியே நின்னுடும். அதனாலதான் அவசரம்.

👉 கிரெடிட் கார்டில் கட்டியிருந்தா, பொருள் வரலைன்னு வங்கியில் எழுதிக் கொடுத்து 'சார்ஜ்பேக்' கேளுங்க.

👉 திவாலாயிடுச்சா? அந்தக் கம்பெனிக்கு நியமிச்ச அதிகாரிக்கு 'ஃபார்ம் பி' அனுப்புங்க. முன்பணம் கொடுத்தவரும் கடன் கொடுத்தவர்தான்னு உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 4-ல் சொல்லியிருக்கு. ஆர்டர் ரசீது, வங்கி ஸ்டேட்மெண்ட் இணைச்சு மெயிலிலேயே அனுப்பலாம். கெடு தாண்டினாலும், தாமதத்துக்குக் காரணம் எழுதி, நடவடிக்கை தொடங்கி 90 நாள் வரை அனுப்பலாம்.

👉 கம்பெனியே போலியா? அது திவால் இல்லை, திருட்டு. உடனே 1930. குறிப்பா "சிவகாசி பட்டாசு பாதி விலை"ன்னு வர்ற சைட்டுகள். பட்டாசு ஆன்லைன் விற்பனையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-லேயே தடை பண்ணிடுச்சு. நம்ம ஊர் பேரை வச்சு நம்ம ஜனங்களையே ஏமாத்துறாங்க.

அக்காவுக்கு நாங்க ஃபார்ம் பி அனுப்பினோம். 'கிடைத்தது'ன்னு பதில் வந்திருக்கு. காசு இன்னும் வரலை. முழுசா வரும்னு சொல்லி அவங்களை ஏமாத்த எனக்கு மனசில்லை.

அதனாலதான் ஃபார்ம் நிரப்புறதோட இது நிற்கக் கூடாது. 2016 ரியல் எஸ்டேட் சட்டம், வீடு வாங்குறவங்க கட்டுற காசில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கணும்னு சொல்லுது. 2018-ல் திவால் சட்டத்தைத் திருத்தி, வீடு வாங்கினவங்களுக்கு வங்கிகளோட சேர்ந்து ஓட்டுப் போடுற உரிமையும் கொடுத்தாங்க. அம்பது லட்சம் கட்டினவருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கு, நல்லது. ஆறாயிரம் கட்டினவருக்கு ஏன் இல்லை? அந்த அக்காவுக்கு ஆறாயிரம்ங்கிறது பல வாரக் கூலி.

நாம கேட்கிறது மூணே மூணு:

1. பொருள் கைக்கு வர்ற வரை வாடிக்கையாளர் முன்பணம் தனிக் கணக்கில் இருக்கணும். கம்பெனி அதில் வாடகையோ விளம்பரமோ கட்டக் கூடாது.
2. திவால் அறிவிப்பு ஒவ்வொரு வாடிக்கையாளர் போனுக்கும் அவங்கவங்க மொழியில் வரணும்.
3. ஃபார்ம் தமிழில் வேணும்.

இதில் எதுவும் நடக்காத காரியம் இல்லை. ஆர்டர் போட்ட ரெண்டே நொடியில் நம்ம காசை எடுக்கத் தெரிஞ்ச டெக்னாலஜிக்கு, அதைப் பத்திரமா தனியா வைக்கத் தெரியாதா?

உங்க வீட்டிலேயும் இப்படி மாட்டின ரசீது இருக்கா? கமெண்டில் சொல்லுங்க, ஃபார்ம் நிரப்ப நாங்க கூட இருக்கோம். ஆர்டர் நம்பர், வங்கி விவரத்தை மட்டும் கமெண்டில் போடாதீங்க.

படிச்சிட்டு நகராம, தெரு குரூப்பில் ஒரு ஷேர் போடுங்க மக்களே.

#நம்மகாசு_நம்மஉரிமை #விருதுநகர்