தலை இறங்கிவிட்டதா?

பழவேற்காட்டுக் குப்பங்களில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது: "தல இம்மாம் பெருசா இருக்குது, காலு பாரு, வளைஞ்சி கெடக்குது!" உடனே எண்ணெய்க் கிண்ணம் வந்துவிடும். தலையை அமுக்கி உருட்டவும், காலை இழுத்து நிமிர்த்தவும் ஆள் தயார்.

வேண்டாம், ஆயா. பிள்ளை சரியாகத்தான் இருக்கிறது.

பிறந்த பிள்ளையின் நீளம் சுமார் 50 செ.மீ. அதில் கால் பங்கு தலைதான். வளர்ந்த ஆளுக்கோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மூளை முந்தி வளர்கிறது, கால் பிந்தி நீளும். முகவாய் நெஞ்சில் பட, முட்டி வயிற்றோடு ஒட்ட, கருப்பையில் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்த கால் வளைந்துதான் இருக்கும். இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். நெருக்கி வந்ததால் நீண்டிருக்கும் மண்டையும் சில நாளில் உருண்டுவிடும். எண்ணெயை இதமாகத் தடவலாம். உச்சிக்குழியை அழுத்தக் கூடாது. காலை நீட்டித் துணியில் இறுக்கிச் சுற்றுவதும் இடுப்பு மூட்டுக்கு ஆகாது.

இந்தப் பெரிய தலைதான் பிரசவத்தின் போக்கையும் முடிவு செய்கிறது. தலை முந்தினால் வழி திறக்கும். உடம்பு பின்னாலேயே வந்துவிடும். காலோ பிட்டமோ முந்தினால், பெரிய தலை கடைசியில் சிக்கலாம்; தொப்புள்கொடி நழுவி முன்னால் வரலாம். ஏழாம் மாதத்தில் நாலில் ஒரு பிள்ளை வரை தலை மேலாக இருப்பதுண்டு. மாதம் நிறையும்போது அப்படியே இருப்பது 100-க்கு 3 அல்லது 4 தான்.

சுகாதாரச் செவிலியர் அடிவயிற்றில் இரண்டு கையும் வைத்துத் தேடுவது, கீழே இருப்பது தலையா பிட்டமா என்பதைத்தான். கெட்டியாக, உருண்டையாக விரல்களுக்கு இடையே அசைந்தால் தலை. அகலமாக, மெத்தென்று இருந்தால் பிட்டம். சந்தேகம் வந்தால் ஸ்கேன் சொல்லிவிடும்.

படகில் கரை சேர வேண்டிய ஊர்க்காரர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாற்று வெள்ளம் ஏரியில் இறங்கும் நேரத்தில், வலி கண்டபின் படகையும் 108 வண்டியையும் தேடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

36-வது வாரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். "தலை கீழே இருக்குதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்று சொன்னால், பிரசவம் எங்கே, எப்படி என்று மருத்துவரோடு அன்றைக்கே பேசி முடிவெடுங்கள். படகை நம்பியிருக்கும் ஊரானால், நாள் நெருங்குமுன் பொன்னேரிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.